அறுபது வயதில் டீச்சர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். போர்ட்டோ நகரத்தைப் பற்றிய உங்கள் பயணக் குறிப்பில், அங்கே ஒரு மெட்ரோ நிலையத்துக்கு 'போர்த்துகீசிய மொழி டீச்சர்' ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் அரசுப் பள்ளியில் 34 வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் தமிழாசிரியர் பெயரில் ஒரு பஸ் ஸ்டாப் கூடக் கிடையாது. அதனால் ஆசை ஆசையாக என் பேத்தியிடம் சொல்லி அந்த அம்மாவைப் பற்றித் தேடச் சொன்னேன்.

தேடியதும் ஆசை பாதி வடிந்துவிட்டது. அவர் ஜெர்மன்காரர். போர்ச்சுகலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். அறுபது வயது வரை எந்த வகுப்பிலும் நின்று பாடம் நடத்தியவர் இல்லை. நேராகப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆய்வாளர் என்று சொல்லுங்கள், பதிப்பாசிரியர் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். டீச்சர் என்று எப்படிச் சொல்வது? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியடில், பாதித் தூக்கத்தில் இருக்கும் நாற்பது பிள்ளைகளுக்குக் குறுந்தொகை நடத்திப் பார்த்திருக்கிறாரா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. போப்பையரையும் கால்டுவெல்லையும் நான் குறைவாக நினைப்பவள் இல்லை. ஆனால் தாய்ப்பாலோடு வராத மொழியை ஆராயலாமே தவிர, அனுபவித்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா? 'பசலை' என்ற சொல் வரும்போதெல்லாம் 'இதை வேறு எந்த மொழியிலும் சொல்ல முடியாது' என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். அந்தப் பெருமிதம் இல்லாதவர் மொழியாசிரியராக இருக்க முடியுமா? உ.வே.சா. பாடம் சொன்ன ஊர்க்காரி என்பதால் கொஞ்சம் உரிமையோடு கேட்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

ம.,
கும்பகோணம்

அன்புள்ள தமிழம்மா,

பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். உங்கள் பேத்தி தேடியெடுத்த விவரங்கள் அத்தனையும் சரி. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியட் விஷயத்தில் உங்களோடு போட்டி போட யாராலும் முடியாது. ஆனால் 'டீச்சர்' என்பது கைபோன போக்கில் எழுதிய சொல் இல்லை. நான் ஒரே வரியில் நிறுத்தியதுதான் தப்பு.

அந்த நிலையத்தின் பெயர் கரோலினா மிக்காயேலிஸ். லாப்பா நிலையத்துக்கும் காசா டா மூசிக்கா நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது. பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. நான் போன அன்று புத்தகப் பை மாட்டிய பிள்ளைகள் கும்பலாக இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு அது ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான். எனக்கு மட்டும் யார் இந்த அம்மா என்ற நமைச்சல் ஊர் திரும்பியும் விடவில்லை.

1851 மார்ச் 15-இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா குஸ்தாவ் மிக்காயேலிஸ் கணக்கு வாத்தியார், சுருக்கெழுத்தும் சொல்லிக்கொடுத்தவர். பெண்கள் பள்ளி ஒன்றில் படித்தார். அதன் தலைமையாசிரியர் மேட்ஸ்னர் பேர்பெற்ற இலக்கண அறிஞர். பள்ளி முடிந்ததோடு வாசல் அடைபட்டது. பிரஷ்யாவின் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1908-இல்தான். அப்போது கரோலினாவுக்கு வயது 57. ஆகவே ஸ்பானிஷ், இத்தாலியன், போர்த்துகீசியம் எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து தானாகவே படித்தார். ஸ்பானிய வீரன் சித்தைப் பற்றிய பழைய கதைப்பாடல்களை அவர் பதிப்பித்து லைப்சிக்கில் அச்சானபோது அவருக்கு இருபது வயது. அவருடைய அக்கா ஹென்ரியெட்டே தொகுத்த போர்த்துகீசிய-ஜெர்மன் அகராதியும் சாதாரணமானதல்ல. பிரேசிலில் இன்றைக்கும் 'மிக்காயேலிஸ்' என்ற பெயரில் அகராதிகள் விற்கின்றன.

அவருடைய கல்யாணக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கஸ்தீலியு என்று ஒரு போர்த்துகீசியக் கவிஞர், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர், நாட்டில் பெரும் புகழோடு இருந்தவர். கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தை 1872-இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவருக்கு ஜெர்மன் தெரியாது என்பதுதான் சங்கடம். ஜெர்மனியில் படித்துத் திரும்பியிருந்த ஜோக்கிம் டி வாஸ்கொன்செலோஸ் என்ற இளைஞர் அந்த மொழிபெயர்ப்பைக் கிழித்துத் தொங்கவிட்டார். நாடே இரண்டு கட்சியாகச் சண்டை போட்டது. அந்தச் சண்டையின் வழியாகத்தான் பெர்லின் பெண்ணுக்கும் போர்ட்டோ பையனுக்கும் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. 1876-இல் கல்யாணம். ஒரு மோசமான மொழிபெயர்ப்பால் நடந்த நல்ல காரியம் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சரி, டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணமான மறு வருடம், 1877-இல், அவர் லிஸ்பனின் அஜுடா அரண்மனை நூலகத்துக்குப் போய் ஒரு பழைய தோல் சுவடியின் முன்னால் உட்கார்ந்தார். அஜுடா பாடல் தொகை என்று அதைச் சொல்லலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி எழுதப்பட்டது. 88 தோல் ஏடுகள், 310 காதல் பாடல்கள். மொழி கலீசிய-போர்த்துகீசியம், அதாவது இன்றைய போர்த்துகீசியத்துக்கும் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசும் கலீசிய மொழிக்கும் தாய்.

அந்தச் சுவடியின் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன். வேலை பாதியில் நின்றுபோன சுவடி அது. பதினாறு இடங்களில் ஓவியம். ஒரு பிரபு உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒருவன் நரம்புக் கருவியோடு, சில படங்களில் கையில் தாளத்தோடு ஒரு பெண். சில ஓவியங்களில் உடைக்கு வண்ணம் தீட்டியிருக்கிறது, முகம் வெறும் கோடாக நிற்கிறது. ஒவ்வொரு பாடலிலும் முதல் சரணத்தின் வரிகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள். மெட்டுக்கான குறிகளை எழுத விட்ட இடம். ஒரு பாட்டுக்குக்கூட எழுதப்படவில்லை. ஏடு ஏடாக அந்த வெற்று இடம் வந்துகொண்டே இருக்கிறது. பாடினவர் யார் என்ற பெயரும் சுவடியில் கிடையாது.

பெயர் இல்லாத 310 பாட்டுக்கு எப்படி ஆள் கண்டுபிடிப்பது? இதே பாடல்களில் பல, பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பிரதியெடுத்த வேறு இரண்டு தொகைகளில் புலவர் பெயரோடு இருந்தன. ஒன்று வத்திக்கானில் இருந்தது, 1875-இல்தான் அச்சுக்கு வந்தது. மற்றது 1880-இல் வெளியானது. கரோலினா வேலையைத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தது! மூன்றையும் வரி வரியாக ஒப்பிட்டு, ஏடு உதிர்ந்து விட்டுப்போன இடங்களில் என்ன பாட்டு இருந்திருக்கும் என்று இத்தாலியப் பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பி, 310-ஐ 467 ஆக்கினார். 1904-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. தொடங்கி 27 வருடம் ஆகியிருந்தது. முதல் தொகுதியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஜெர்மனில் கருத்துச் சுருக்கம், குறிப்பு, யாப்பு அமைப்பு. இரண்டாவது தொகுதி புலவர் வரலாறும் ஆராய்ச்சியும், ஏறத்தாழ ஆயிரம் பக்கம்.

இதைப் படிக்கும்போது உங்கள் ஊர்க்காரர் நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தது 1880, சிந்தாமணிப் பதிப்பு 1887. கரோலினாவை விட நான்கு வயது இளையவர். அவர் ஊர் ஊராகச் சுவடி தேடிக்கொண்டிருந்த அதே வருடங்களில் இந்தப் பெண்மணி போர்ட்டோவில் செதொஃபெய்ட்டா தெரு வீட்டில் பிரதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வித்தியாசம் உண்டு. உ.வே.சா.வுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தார். கரோலினாவுக்குப் போர்த்துகீசியத்தில் அப்படி ஒரு குரு கிடையாது. கட்டணம் கட்டிப் படித்த மாணவர்களும் அந்த 34 வருடத்தில் இல்லை. 1876-லிருந்து 1910 வரை எண்ணிச் சொல்கிறேன். உங்கள் சர்வீஸும் 34 என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் வகுப்பறை வருகிறது. 1910 அக்டோபரில் போர்ச்சுகலில் முடியாட்சி கவிழ்ந்து குடியரசு வந்தது. மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாத நாடு. புதிய அரசு 1911-இல் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் பல்கலைக்கழகங்களைத் தொடங்கியது, இலக்கியப் புலங்களை உண்டாக்கியது. அறுபது வயதான கரோலினாவை லிஸ்பனுக்குப் பேராசிரியராக அழைத்தது. குடும்பம் போர்ட்டோவில் இருந்ததால் அவர் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக் கேட்டார். போர்ட்டோவுக்கும் கோயிம்ப்ராவுக்கும் நடுவே சுமார் 120 கிலோமீட்டர். போர்ச்சுகலில் பல்கலைக்கழக ஆசிரியரான முதல் பெண் அவர்தான். அந்தக் கோயிம்ப்ராவில் டொமிட்டிலா டி கார்வாலியு என்ற பெண் மாணவியாகச் சேர்ந்தது 1891-இல். மாணவியாகச் சேர ஒரு பெண் வந்து இருபது வருடம் கழித்து, பாடம் சொல்ல ஒரு பெண் வந்தார்.

வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. 1911-12, 1912-13 வகுப்புகளில் அவர் நடத்திய மொழிநூல் பாடங்கள் ஒரு புத்தகமாக 1946-இல் வெளிவந்தன. அவர் இறந்து 21 வருடம் கழித்து. மொழி வரலாற்றை விளக்கும் விரிவுரைகள் முன்னால். பின்னால் 'பழைய போர்த்துகீசியத்தில் செய்முறைப் பாடங்கள்' என்று ஒரு பகுதி. பழம் பாட்டைப் பையன்களைக்கொண்டு படிக்க வைத்துச் சொல் சொல்லாக உடைப்பது. நீங்கள் செய்தது இதுதானே?

அந்தப் பாட்டுகளில் என்ன சிக்கல் வரும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அஜுடா தொகையின் காதலர்கள் தங்கள் காதலியை 'மியா செஞோர்' என்று விளிக்கிறார்கள். இன்றைய போர்த்துகீசியத்தில் செஞோர் என்றால் ஐயா. கடைக்காரர், டிரைவர், மேனேஜர் எல்லாரும் செஞோர். பெண்ணுக்குச் செஞோரா. ஆகவே முதல்முறை படிக்கும் மாணவனுக்கு, ஒரு ஆண் இன்னொரு ஆணைப் பார்த்து 'ஐயா, உம்மால் தூக்கம் போச்சு' என்று உருகுவதுபோல் இருக்கும். விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்தில் செஞோர் இருபாலுக்கும் பொது. பெண்ணுக்கென்று தனியாக 'ஆ' விகுதி ஒட்டிக்கொண்டது பிற்பாடு. பண்ணையாளுக்கு எஜமான் எப்படியோ அப்படித்தான் காதலனுக்குக் காதலி என்பது அந்தப் பாடல்களின் உலகம். 'என் எஜமானே' என்கிறான். இந்த ஒரு விகுதி பிடிபட்டால்தான் பாட்டுத் திறக்கும். பிடிபடாவிட்டால் வகுப்பில் சிரிப்புத்தான் மிஞ்சும்.

இப்போது ஒரு சின்ன விவரத்தைக் கவனியுங்கள். 1904-இல் அத்தனை பெரிய பதிப்பைப் போட்டபோது சொற்கோவை சேர்க்கவில்லை. அறிஞர்களுக்கு அது போதும், அவர்களுக்குத் தெரிந்துவிடும். அருஞ்சொல் அகராதி வந்தது 1920-இல், ஒரு ஆய்விதழில். நடுவில் நடந்தது என்ன? எட்டு வருடமாக அவர் மாணவர்களுக்கு எதிரே நின்றிருக்கிறார். வகுப்புத்தான் அந்த அகராதியை எழுத வைத்தது என்பது என் எண்ணம். அறுபத்தொன்பது வயதில், பதினாறு வருடம் முன்பு முடித்த புத்தகத்துக்கு அகர வரிசையில் சொற்பொருள் எழுத உட்காருகிறவரை நான் டீச்சர் என்றுதான் சொல்வேன்.

நடுவில் ஒரு பக்கவாட்டுச் செய்தி, உங்களுக்குப் பிடிக்கும் என்பதால். லத்தீனில் சாவிக்கு 'கிளாவெம்'. மழைக்கு 'புளுவியா', சுவாலைக்கு 'ஃபிளாமா'. போர்த்துகீசியத்தில் மூன்றும் ஒரே மாதிரி மாறின: ஷாவெ, ஷுவா, ஷாமா. கி, பி, ஃபி மூன்றும் லகரத்தோடு சேர்ந்தால் ஒரே ஒலியாகிவிடும் என்பது அந்த மொழியின் வரலாற்றைப் படிக்கிற எவருக்கும் முதல் வாரத்துப் பாடம். கப்பல்காரர்கள் நம் கரைக்கு வந்தபோது அந்த ஒலி ஷகரமாக மெலியவில்லை, அழுத்தமான சகரமாகவே இருந்தது. இந்திக்காரர்கள் இன்றும் 'ச்சாபி' என்கிறார்கள். நாம் சாவி என்கிறோம். ஜன்னல், மேசை, அலமாரி, மேஸ்திரி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. மேஸ்திரிக்கு மூலமான 'மெஸ்த்ரெ' அங்கே ஆசானையும் குறிக்கும். நம் ஊரில் அவர் சாரத்தின் மேல் ஏறிக் கொத்தனார்களை அதட்டுகிறார். ஆசியாவின் மொழிகளுக்குப் போன இத்தகைய போர்த்துகீசியச் சொற்களைத் திரட்டி நூலாக்கியவர் கோவாவில் பிறந்த பாதிரியார் செபஸ்தியாவ் ரொடால்ஃபோ தால்காடோ. தமிழுக்கு வந்த சொற்களும் அதில் உண்டு. 1913-இல் அச்சானது கோயிம்ப்ரா பல்கலைக்கழக அச்சகத்தில். அதாவது கரோலினா அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்த வருடம்.

இனி உங்கள் பசலை.

போர்த்துகீசியர்களிடம் அதற்கு ஈடாக ஒரு சொல் உண்டு: சவுதாதெ. பிரிவு, ஏக்கம், நினைவின் இனிப்பு, இல்லாததின் வலி எல்லாம் கலந்த ஒன்று. 'இதை வேறு எந்த மொழியிலும் சொல்ல முடியாது' என்று எந்த போர்த்துகீசியரும் உங்களிடம் சத்தியம் செய்வார். போர்ட்டோவில் நான் தங்கியிருந்த விடுதிக்காரர் காலை காபியோடு சேர்த்து அதைச் சொன்னார். 1912 வாக்கில் அது நாட்டின் கொள்கையாகவே ஆகிக்கொண்டிருந்தது. தெய்ஷெய்ரா டி பஸ்கொவாய்ஸ் என்ற கவிஞர் சவுதாதெயைப் போர்த்துகீசிய ஆன்மாவின் சாரம் என்றார். அதன்மேல் ஒரு இலக்கிய இயக்கத்தையே கட்டினார். புதிய குடியரசு, புதிய பெருமிதம். அந்தச் சமயத்தில், 1914-இல், கரோலினா 'போர்த்துகீசிய சவுதாதெ' என்று ஒரு சிறு நூல் எழுதினார்.

நூலில் அவர் செய்தது இரண்டு காரியம். ஒன்று, சொல்லின் பிறப்பைத் தேடியது. லத்தீனில் தனிமையைக் குறிக்கும் சொல்தான் மூலம். அது பழைய பாடல்களில் சொயிதாதெ, சுயிதாதெ என்றெல்லாம் உருமாறி வருகிறது. நலம், நலம் விசாரித்தல் என்று பொருள்படும் பக்கத்துச் சொற்களின் சாயல் ஏறி, 'சவு' என்ற தொடக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. தனிமையில் தொடங்கிய சொல் நலம் விசாரிப்பில் போய் முடிந்திருக்கிறது. எனக்கு இதுவே போதும், நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது காரியம்தான் துணிச்சல். இந்த உணர்ச்சி போர்த்துகீசியருக்கு மட்டுமே சொந்தம், பிறருக்கு இதற்குச் சொல்லே கிடையாது என்பது சரியல்ல என்று எழுதினார். பக்கத்து வீட்டு ஸ்பானியனுக்கும் கட்டலானுக்கும் கலீசியனுக்கும் அதற்குச் சொல் இருக்கிறது, ஜெர்மானியனுக்கு 'ஸேன்ஸூக்ட்' இருக்கிறது என்று வரிசையாக எடுத்து வைத்தார்.

ஜெர்மன்காரி அல்லவா, அதனால் சொன்னார் என்று தோன்றலாம். அங்கேயும் சிலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்காக அவர் எத்தனை நூற்றாண்டுப் பாடல்களைப் புரட்டியிருக்கிறார் என்று பாருங்கள். சவுதாதெயைத் தலையில் வைத்துக் கூத்தாடியவர்கள் யாரும் அந்தச் சொல்லின் பழைய எழுத்துக்கூட்டல்களை அப்படி ஒன்று விடாமல் தேடவில்லை. சொல்லின் மேல் ஆசை இல்லாதவருக்கு அந்தப் பொறுமை வராது. நீங்கள் பசலை என்று சொல்லும்போது சிலிர்ப்பது பொய் இல்லை. ஆனால் சிலிர்க்க வைப்பது பசலைதானே? மற்ற மொழிகளில் அது இல்லை என்ற செய்தி அதற்கு எதற்கு? பிள்ளைகளுக்கும் 'பாசி அற்றே பசலை' என்ற குறுந்தொகை உவமை ஒன்று போதும். குளத்துப் பாசி, தொடும்போதெல்லாம் விலகி, கையை எடுத்ததும் திரும்பப் படர்கிறது. இதைக் கேட்டபின் எந்தப் பிள்ளையும் 'இது ஜெர்மனில் உண்டா' என்று கேட்காது.

பஸ்கொவாய்ஸ் பெயர் வந்ததால் இன்னொன்று. 1911-இல் போர்ச்சுகல் தன் எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தியது. கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் தொங்கிக்கொண்டிருந்த தேவையில்லாத எழுத்துகளையெல்லாம் வெட்டினார்கள். அந்தக் குழுவில் கரோலினாவும் இருந்தார். 'பாதாளம்' என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லில் இருந்த ஒய் (y) என்ற எழுத்தை எடுத்துவிட்டு ஐ போட்டார்கள். பஸ்கொவாய்ஸ் துடித்துப்போனார். ஒய் என்ற எழுத்தின் வடிவத்தில்தான் அந்தச் சொல்லின் ஆழமே இருந்தது என்பது அவர் கட்சி. சிரிக்காதீர்கள். 1978-இல் ணை, லை, னை எழுத்துகளின் தும்பிக்கை போனபோது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன பாடு பட்டார்கள்? என் தாத்தா கடைசிவரை தும்பிக்கையோடுதான் எழுதினார், 'யானை'க்குத் தும்பிக்கை இல்லாமல் எப்படி என்று கேட்பார். இந்த விஷயத்தில் நான் பஸ்கொவாய்ஸ் பக்கமும் இல்லை, முழுக்கக் கரோலினா பக்கமும் இல்லை. பிரேசிலைக் கலக்காமல் செய்த சீர்திருத்தம் அது. அதனால் ஒரே மொழி இரண்டு கரையிலும் இரண்டு விதமாக எழுதப்பட்டது. அந்தத் தலைவலி நூறு வருடம் நீடித்தது. எழுதப் படிக்கத் தெரியாத முக்கால்வாசிப் பேரை நினைத்துச் செய்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

மற்ற கௌரவங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1893-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கல்லூரி வாசலை மிதிக்க விடாத நாட்டிலிருந்து! 1912-இல் லிஸ்பன் அறிவியல் கழகம் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டது, ஒருவர் இவர். 1925-இல் போர்ட்டோவில் இறந்தார். வகுப்பறையில் அவருக்குக் கிடைத்தது மொத்தம் பதினான்கு வருடம்.

தாய்ப்பாலோடு வராத மொழி என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு என்னிடம் கச்சிதமான பதில் இல்லை. அஜுடா பாடல்களின் மொழி கரோலினாவுக்கும் தாய்மொழி இல்லை, அவர் எதிரே உட்கார்ந்திருந்த கோயிம்ப்ரா மாணவர்களுக்கும் தாய்மொழி இல்லை. அறுநூறு வருடம் முன்பே வாயிலிருந்து போய்விட்ட மொழி. குறுந்தொகைக்கு எதிரே உங்கள் பிள்ளைகளும் ஏறக்குறைய அப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள்? நீங்கள் கைபிடித்துத்தானே கூட்டிப்போயிருப்பீர்கள்?

கடைசியாக ஒன்று. அஜுடா சுவடியில் மெட்டுக்காக விட்ட வெற்று இடத்தைச் சொன்னேன் அல்லவா. 1914-இல் மாட்ரிட்டில் பேத்ரோ விந்தெல் என்ற பழைய புத்தக வியாபாரி, சிசரோ எழுதிய நூலின் ஒரு கையெழுத்துப் பிரதிக்கு அட்டையாக ஒட்டியிருந்த ஒரு தோல் ஏட்டைப் பிரித்து எடுத்தார். அதில் மார்ட்டின் கோதாஷ் என்ற புலவரின் ஏழு பாட்டுகள். அஜுடாவில் இருப்பதுபோல் ஆண் பாடுவதல்ல, ஒரு பெண் தன் நண்பனை நினைத்துப் பாடுவது. ஏழில் ஆறுக்கு மெட்டு எழுதியிருந்தது. கரோலினா அடுத்த வருடமே அதைப் பற்றி ஸ்பானிய ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு அறுபத்து நான்கு.

அந்தப் பாட்டுகளைப் பலர் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். பேத்தியிடம் சொல்லி யூடியூபில் 'மார்ட்டின் கோதாஷ்' என்று தேடச் சொல்லுங்கள். முதல் பாட்டு: விகோ கடலின் அலைகளே, என் நண்பனைப் பார்த்தீர்களா, அவன் சீக்கிரம் வருவானா? வரி வரியாகத் திரும்பத் திரும்ப அதையேதான் கேட்கிறாள். அலை ஒன்றும் சொல்வதில்லை. நெய்தல் திணைப் பாட்டு எத்தனையோ நடத்தியிருப்பீர்கள். இதைக் கேட்டுவிட்டு என்ன தோன்றியது என்று ஒரு வரி எழுதுங்கள், தமிழம்மா.